வாய் திறவாத பிழை

ஜாவாஸ்கிரிப்ட் வகுப்புகளில் கெட்டர், செட்டர் எழுதப் பழகுவோர் முதலில் சந்திக்கும் பிழை கூச்சலிட்டே வரும். 'ஆழம்' என்னும் செட்டருக்குள் திஸ்.ஆழம் என்பதற்கே மதிப்பை இட்டால், அது தன்னைத்தானே ஓயாமல் அழைத்து, குரோமில் ரேஞ்ச்எரர் என்று நின்றுவிடும். (மாறிகளுக்குத் தமிழில் பெயரிடலாம் என்பதே பலருக்குத் தெரியாது!) மதிப்பை _ஆழம் என வேறு பெயரிலோ, 2022இல் தரத்தில் சேர்ந்த #ஆழம் என்னும் தனிப்புலத்திலோ வைத்தால் தீர்ந்தது. ஆய்வாளருக்குக் கேடு செய்பவை வாய் திறவாத பிழைகளே.

புனேயில் நிலத்தடி நீரை ஆராயும் மாணவி ஒருவர் 'கிணறு' என்றொரு வகுப்பு எழுதி, நீர்மட்டத்தின் ஆழத்திற்குக் கெட்டரும் செட்டரும் அமைத்திருந்தார். அதிலிருந்து 'ஆழ்துளைக்கிணறு' என்னும் துணைவகுப்பு பிறந்தது. அதற்குரிய உச்சவரம்பைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் அங்கே செட்டரை மட்டும் மாற்றி எழுதினார். கெட்டர் தாய்வகுப்பிலிருந்து வந்துவிடும் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே. மதிப்புகள் பிழையின்றி ஏறின. சராசரி கேட்டபோது மட்டும் எண்ணே வரவில்லை; 'நேன்' என்றது.

ஆய்வுச் சுருக்கம் அளிக்க இரண்டு வாரமே எஞ்சியிருந்தது. "எண்ணல்லாதவற்றை வடிகட்டிவிடுங்களேன், சராசரி வந்துவிடும்" என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். வந்திருக்கும்தான். ஆழ்துளைக் கிணறுகள் அத்தனையும் ஓசையின்றி உதிர்ந்து, திறந்த கிணறுகள் மட்டும் எஞ்சி, நீர் மேலே இருப்பதாக அட்டவணை சொல்லியிருக்கும்.

அவர் வடிகட்டவில்லை. துணைவகுப்பின் புரோட்டோடைப்பில் அப்பண்பின் விவரிப்பானை, கெட்ஓன்ப்ராப்பர்ட்டிடிஸ்கிரிப்டர் கொண்டு அச்சிட்டுப் பார்த்தார். 'செட்' என்பதற்கு நேரே செயற்கூறு இருந்தது. 'கெட்' என்பதற்கு நேரே அன்டிஃபைன்டு. கெட்டரும் செட்டரும் இரண்டு தனி முறைகள் அல்ல. ஒரே பண்பின் இரு அறைகள். துணைவகுப்பில் ஓர் அறையை நிரப்பினாலும் அங்கே பண்பு முழுதும் புதிதாய்ப் பிறந்து, தாய்வகுப்பின் பண்பை மறைத்துவிடுகிறது. துணைவகுப்பிலும் ஒரு கெட்டர் எழுதி, சூப்பர்.ஆழம் என்று திருப்பித் தந்ததும் எண்கள் வந்தன. மொழி இங்கே ஓர் எச்சரிக்கையாவது தந்திருக்கலாம்.

பின்னர் ஆய்வகத்தின் பழைய நிரல்களைத் திறந்தார். அவற்றுள் ஒன்றில் அந்த வடிகட்டும் வரி ஏற்கெனவே இருந்தது. அதைக் கொண்டு கணித்த அட்டவணைகளை மூலப் பதிவேட்டோடு வைத்து, இப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறார்.