மண் போட்ட மீன் தொட்டி

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷமே பொண்ணுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். ஃபில்டர், ஏர் பம்ப், கலர் கல்லு, வாயைத் திறந்து மூடுற பிளாஸ்டிக் முதலைன்னு சகல மரியாதைகளோட. தீபாவளிக்குப் பத்து நாள் மாயவரம் போயிட்டு வந்து கதவைத் திறந்தா ஒரே நாத்தம். மெயின் ட்ரிப் ஆகி ஃபில்டர் எப்பவோ நின்னு போயிருக்கு. ஆறு மீனும் மிதக்குது. ஆறுக்கும் பேர் வெச்சிருந்தா.

"இனிமே மீனே வேண்டாம்ப்பா. நாம ஊருக்குப் போனா அதுங்க செத்துடும்." வருஷா வருஷம் ஊருக்குப் போற குடும்பம். இதுக்கு என்ன பதில் சொல்றது?

அம்மாகிட்ட ஃபோன்ல புலம்பினேன். "நம்ம குளத்துல யாருடா மோட்டார் வெச்சா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுத் தேடினப்ப, டயானா வால்ஸ்டட்ங்கிற அமெரிக்கப் பெண்மணி 1999-ல எழுதின புத்தகத்தைப் பத்தித் தெரிஞ்சது. விஷயம் ரொம்ப எளிசு. அடியில சாதாரண மண், நிறைய செடி, கொஞ்சம் மீன். மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைச் செடி உரமா எடுத்துக்கும். மண்ணுல மக்குற இலைதழையில இருந்து வர்ற கரியமில வாயுவும் செடிக்குத்தான். பி.காம். மூளைக்கு இது சட்டுன்னு புரிஞ்சது. மீன் பக்கம் பற்று, செடி பக்கம் வரவு. டேலி ஆனா தொட்டி நிக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போய் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, வாட்டர் ஸ்ப்ரைட் எல்லாம் கட்டுக் கட்டா வாங்கினேன். மண்ணுக்கு நர்சரி. அவர் சாணம் கலந்ததைத்தான் நல்ல மண்ணுன்னு தலையில கட்டப் பார்த்தார். தப்பித் தவறிக்கூட வாங்கிடாதீங்க, அம்மோனியா எகிறிடும். உரம் கலக்காத வெறும் மண்ணாக் கேட்டு வாங்கி, சலிச்சு, குச்சி வேரெல்லாம் பொறுக்கினேன். ரெண்டடித் தொட்டியில மண் ஓர் இஞ்ச், அதுமேல கழுவின பொடிக்கல் ஓர் இஞ்ச். ரொம்ப கனமாப் போட்டா அடியில காத்து இல்லாம அழுகும். ஒரு தட்டை வெச்சு அதுமேல மெதுவாத் தண்ணி ஊத்தணும், இல்லைன்னா சேறு கலங்கிடும். செடியை முதல் நாளே நெருக்கமா நட்டுடணும். இதுல கஞ்சத்தனம் பண்ணினா பாசி ஜெயிச்சுடும்.

விளக்குக்கு டைமர். 5 மணி நேரம் எரியும், நடுவுல 4 மணி நேரம் ஓய்வு, மறுபடி 5 மணி நேரம். அந்த இடைவெளியில தண்ணியில கரியமில வாயு திரும்பச் சேரும். சாப்பிட்டதும் தூங்குறதை பெங்காலிக்காரங்க 'பாத்கூம்'னு சொல்வாங்க. இந்த ஊர்ல செடிக்கும் அது உண்டு :-)

முதல் ரெண்டு வாரம் தண்ணி டிகாக்‌ஷன் நிறத்துல இருந்துச்சு. "ஹாலுக்குள்ளயே சாக்கடை"ன்னு தங்கமணி பட்டம் கொடுத்தாங்க. பாதிப் பாதியாத் தண்ணி மாத்தி, டெஸ்ட் கிட்ல அம்மோனியா பூஜ்யம்னு வந்த பிறகுதான் எட்டு கப்பி விட்டேன். பொண்ணு தள்ளி நின்னே பார்த்தா. பேர் மட்டும் வைக்கவே இல்லை.

போன மே மாசம் ஒன்பது நாள் ஊருக்குப் போனோம். திரும்பி வர்றப்ப கோரமண்டல்ல ராத்திரி முழுக்க அவளும் தூங்கலை, நானும் தூங்கலை. செருப்பைக்கூடக் கழட்டாம ஓடினா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு உள்ளே போகவே பயமா இருந்தது.

"அப்பா, எட்டும் இருக்கு. குட்டி வேற போட்டிருக்கு!"

அன்னிக்கு ராத்திரி நோட்டுல வரிசையாப் பேர் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வரும். மண் போட்ட தொட்டியை அப்படியே தூக்க முடியாது, கலைச்சுத்தான் ஆகணும். அதை இன்னும் அவகிட்ட சொல்லலை.