சீட்டும் சம்பளச் சீட்டும்

போக்கர் ஆடியே பிழைக்க முடியுமா? முடியும். ஐந்து ஆண்டுகள் நான் பிழைத்தேன். நம் நாட்டில் அனுமதி பெற்ற சூதாட்ட மையம் கெந்திங் மலையில் மட்டுமே இருக்கிறது. அதனால் மக்காவ், மணிலா என்று பெட்டியோடு அலைந்தேன். கடன் வாங்கி ஆடியதில்லை. ஆடிய ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு எழுதினேன். ஐந்து ஆண்டுக் கணக்கும் லாபத்தில்தான் முடிந்தது.

பிறகு ஏன் விட்டேன்?

போக்கரில் சரியாக ஆடுவது வேறு, ஜெயிப்பது வேறு. உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். இருக்கும் பணம் அத்தனையையும் வைப்பதுதான் சரி. ஆனாலும் சுமார் ஐந்தில் ஒரு முறை கிங் ஜெயித்துவிடும். நாள்பட நாள்பட எல்லாம் சரியாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் வாடகையும் அப்பாவின் மருந்துச் செலவும் அதுவரை காத்திருப்பதில்லை. ஒருமுறை மூன்று மாதம் தொடர்ந்து நட்டம். யார் ஜெயித்தாலும் மேசைக்காரன் பங்கு மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இந்த மாசம் எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. பெண் கொடுக்க விசாரித்தவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிச் சமாளித்தார் அம்மா. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்தோம். வங்கியில் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஈபிஎஃப் அறிக்கையும் கேட்டார்கள். பணம் இருந்தது, காட்டக் காகிதம் இல்லை.

உலகப் போக்கர் தொடரில் மூன்று பட்டங்கள் வென்ற அமெரிக்கர் வனெசா செல்ப்ஸ்ட்கூட, 2017 முடிவில் முழுநேர ஆட்டத்தை விடுவதாக அறிவித்து, முதலீட்டு நிறுவன வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். நேர்முகத்தில், "ஐந்து வருஷம் என்ன செய்தீர்கள்?" என்றார்கள். மறைக்காமல் சொல்லி, கணக்கு ஏட்டையும் காட்டினேன். சில மாதிரிகளைச் சோதித்து முழுத் தொகுப்பையும் ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவெடுக்கும் வேலை இது. பாதித் தகவலோடு பதறாமல் முடிவெடுக்க மேசையில் பழகியிருந்தேன்.

சம்பளம் 4,000 ரிங்கிட். ஆட்டத்தில் நல்ல மாதம் இதைவிட அதிகம் வரும். ஆனால் இங்கே என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு என மாதம் 960 ரிங்கிட் ஈபிஎஃப்பில் சேர்கிறது. அப்பாவின் கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது.

வேலையை விட்டு ஆடப் போவதாகச் சொல்லும் தம்பிகளிடம், எவ்வளவு ஜெயிப்பாய் என்று நான் கேட்பதில்லை. ஆறு மாதம் ஒன்றுமே வராவிட்டால் வீட்டுக்கு யார் அரிசி வாங்குவார்கள் என்றுதான் கேட்கிறேன்.