சட்டப்படி நடந்த அநியாயம்

ஹைடல்பெர்க், ஜெர்மனி



நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் குஸ்டாவ் ராட்புருக் என்று ஒரு சட்டப் பேராசிரியர் இருந்தார். ஒரு காலத்தில் நாட்டின் நீதியமைச்சராகவும் இருந்தவர். நாஜிகள் வந்த 1933ல் அவருடைய பதவி பறிபோனது. போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். 1946ல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த நாட்டுச் சட்டச் சிந்தனையைப் புரட்டிப் போட்டது. பொறுக்கவே முடியாத அளவுக்கு அநீதியான சட்டம் நீதிக்கு வழிவிட்டு விலக வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது இங்கே வாழ்ந்தால் புரியும். ஹிட்லர் 1933 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை ஒரு சட்டத்தின் மூலமே கையில் எடுத்துக்கொண்டார். 1935ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததும் சட்டம்தான். அது முறையாக நிறைவேறியது, அரசிதழில் வெளியானது. நாடெங்கும் குமாஸ்தாக்கள் முத்திரை குத்தி அமல்படுத்தினார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் சட்டத்தின் ஆட்சி என்றால், அந்தக் குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் உத்தமர்கள்.

அதனால்தான் 1949ல் எழுதிய அடிப்படைச் சட்டம் மனித மாண்பை முதல் பிரிவிலேயே வைத்தது. எத்தனை பெரும்பான்மை இருந்தாலும் அதைத் திருத்த முடியாதென்று 79வது பிரிவில் பூட்டும் போட்டது. இங்கிருந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் கார்ல்ஸ்ரூ. அங்குள்ள அரசியல் சட்ட நீதிமன்றத்தில் யாரும் வழக்கறிஞர் இல்லாமல், கட்டணம் இல்லாமல் முறையிடலாம். முறையிடுபவர்களில் வெல்பவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே அங்கே கூண்டில் ஏற்றலாம்.

ஆங்கிலேயர் வழி வேறு. 1885ல் சட்ட அறிஞர் டைசி எழுதிய புத்தகத்தின்படி, மந்திரியும் மளிகைக்கடைக்காரரும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை. 2019ல் பிரதமர் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னபோது, காப்பாற்றப்பட்டது நாடாளுமன்றத்தின் அதிகாரம். அந்த நாடாளுமன்றமே வரம்பு மீறினால் யார் தடுப்பது? அதற்கு அவர்களிடம் மரபு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, பூட்டு இல்லை. எனக்கு அது போதாது என்றே படுகிறது.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. இதே பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட், 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை இருந்தால், இந்திய அரசியல் சட்டத்தில் உயிருக்குக் காவலான 21வது பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிடலாமா என்று கேட்டார். தன் நாடு எரிந்ததைப் பார்த்தவர் கேட்ட கேள்வி அது. 1950ல் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக வாதாடித் தோற்ற எம்.கே. நம்பியார், கான்ராடின் வாதத்தை 1967ல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் ஏழு பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தத் திருத்தமும் சிதைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரே ஒரு வாக்குதான் வித்தியாசம். இன்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தக் கோட்பாட்டில் ஹைடல்பெர்க்கின் பங்கும் இருக்கிறது.

இதெல்லாம் பெரிய நீதிமன்றங்களின் கதை. எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார். அண்மையில் வேகக் கட்டுப்பாட்டை மீறியதற்காக அவருக்கு அபராதக் கடிதம் வந்தது. இங்கே அதற்கென்று மஞ்சள் உறை. தபால்காரர் உறையிலேயே அன்றைய தேதியை எழுதிப் போடுவார். அன்றிலிருந்துதான் கெடு ஓடும். ஐயா வாசிக்கக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள், இன்ன அலுவலகத்தில், எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம் என்று கடிதத்திலேயே அச்சிட்டிருந்தது. பொதுவாக அரசு ஆணைகளில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். அது விடுபட்டுப் போனால், ஒரு மாதக் கெடு ஓராண்டாக நீளும்.

ஐயா சொன்னார்: "என்னைக் கொண்டுபோய் அடைச்சதும் சட்டப்படிதான் தம்பி. ஆரிட்டப் போய்க் கேக்கிறதெண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சொன்ன சட்டம் இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம். குற்றச்சாட்டு இல்லாமலே 18 மாதம் வரை அடைத்துவைக்க அது வழிசெய்தது. அந்தத் தடுப்பாணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

தமிழ்நாட்டில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவு, தகவல் கேட்ட மனுவை மறுத்தால் காரணம் என்ன, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்று மூன்றையும் தெரிவிக்கச் சொல்கிறது. அதே முறையில், பட்டா, ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை என்று எந்த மனு தள்ளுபடியானாலும் அந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.