தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 14, 2025, திங்கள்

சித்திரை பிறந்துவிட்டது. இன்று நள்ளிரவிலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2001இல் தொடங்கியபோது 45 நாள். 2017இல் 61 நாளாக்கினார்கள். மீன் சினை பிடிக்கும் காலத்தில் கடல் ஓய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கட்டுமாவடியில் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும். ஆனால் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு மீனை வாங்கி, கூடை தூக்கி விற்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? நாட்டுப்படகு மீனுக்கு இந்த இரண்டு மாதமும் விலை ஏறிவிடும். சிறு முதலோடு ஏலத்தில் நிற்க முடியாது.

ஏப்ரல் 17, வியாழன்

பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். பேராவூரணிப் பக்கத்து ஊர்களில் இருபது வருடமாக மீன் விற்கிறவள். கையில் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம்.

"தங்கச்சி, அந்த எட்டாயிரம் எனக்கும் உண்டா? நீதானே குழுவுக்குக் கணக்கு எழுதுறே, பாத்துச் சொல்லேன்."

தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். முன்பு 5,000. 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 131 ரூபாய். அதுவும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. அக்கா உள்நாட்டிலிருந்து வாழ வந்தவள், புருஷன் இல்லை, மீனவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. 1,500 கட்டினால் மாநில அரசு 3,000 போட்டு 4,500 தரும் மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்துக்கும் அதே வாசல்தான்.

"இல்லக்கா" என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னேன்.

"நான் விக்கிறது மீனு இல்லாம என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, காகிதங்களை மஞ்சள் பையில் திரும்ப வைத்தாள்.

மே 3, சனி

அக்கா பத்து வட்டிக்கு மூவாயிரம் வாங்கியிருக்கிறாள்.

மே 9, வெள்ளி

ரேஷன் கடையில் இருவரும் நின்றோம். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. அதன் அருமை இன்று அந்த வரிசையில் எனக்கு விளங்கியது. நீ கடலுக்குப் போகிறாயா, எந்தச் சங்கம் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா விரலை வைத்தாள், அரிசி வந்தது. வடிகட்டிக் கொடுக்கிற உதவியில் அவள் விழுந்துவிடுகிறாள். எல்லோருக்கும் என்று கொடுப்பது அவளையும் தொடுகிறது. வடிகட்டிக் கொடுப்பதுதான் என்றாலும், மாதம் ஆயிரம் மகளிர் உரிமைத்தொகை அவளுக்கு வருகிறது. அது பெரும்பகுதி வட்டிக்கும் மருந்துக்கும் போகிறது.

அக்காவின் மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை 1,200. இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 1962இலேயே வந்துவிட்டது. மத்திய அரசு எண்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தரும் பங்கு மட்டும் பல வருடமாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. 200 ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ நல்ல மீன் வராது.

மே 22, வியாழன்

அக்கா நூறுநாள் வேலைக்குப் போய்வந்தாள். இந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336. மண் அளந்துதான் கூலி, வெயில் அளப்பதில்லை.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. அவள் பேரன் மூன்றாம் வகுப்பு. பள்ளி நடந்தால் காலையும் மதியமும் அங்கே சாப்பாடு. கையில் காசில்லாத மாதத்திலேயே அதுவும் நின்றுபோகிறது. இதைத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தடைக்கால உதவி வெளிநாடுகளிலும் உண்டு. பிரேசிலில் 1991 முதல் தடைக்காலத்தில் சிறு மீனவர்களுக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச ஊதியம் அளவுக்குப் பணம் தருகிறார்கள். வங்கதேசத்தில் உள்ளம் மீன் குஞ்சைப் பிடிக்கக்கூடாத மாதங்களில் சிலவற்றில் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி. எங்கும் பதிவேடுதான் வாசல். கூடை தூக்குகிறவள் எங்கும் வெளியேதான் நிற்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பேரன் முதல் ஆளாக ஓடினான்.

ஜூன் 14, சனி

கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் ஏற்றுகிறார்களாம். அக்கா கூடையைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். பட்டியல் எழுதுகிற அதிகாரிகள் ஒருநாள் விடியற்காலையில் ஏலக்கூடத்துக்கு வரவேண்டும். அங்கே கூடையோடு நிற்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன்பே இதைச் செய்யலாம்.

அக்கா இதுவரை வட்டி மட்டும் 600 கட்டியிருக்கிறாள். மூவாயிரம் அப்படியே நிற்கிறது.