ஒரு கிளட்ச் பிளேட்டின் கணக்கு

என்னிடம் ஒரு குட்டியானை இருக்கிறது. டாடா ஏஸ், 2009 மாடல். 2017இல் மூணாவது கையாக 1,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இஞ்சின். முக்கால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஊரில் யாரும் கம்பெனி கணக்குப்படி மூட்டை ஏற்றுவதில்லை. "இன்னும் ரெண்டு மூட்டைதாண்டா, ஏத்து" என்பார்கள். ஏற்றுவேன். ஏற்றாவிட்டால் நாளைக்கு வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

விடியற்காலை மூணு மணிக்கு ஊர்க்காரர்களின் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போவேன். ஊர்த் தெரு வழியாகத்தான் போவேன். அகலமான சிமெண்டு ரோடு. கோயிலைத் தாண்டி, பால் சொசைட்டியைத் தாண்டிப் போவேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. திண்ணையில் படுத்திருப்பவர்கள்கூட "வண்டி வந்துடுச்சு, எழுந்திரு" என்று பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடுவார்கள். எனக்கு வயசு 41. பத்தாவது படிக்கிற பையனும் என்னை "வாடா போடா" என்றுதான் கூப்பிடுவான். அதையும் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

ஆனால் அதே வண்டியில் எங்கள் காலனிப் பிணத்தை ஏற்றினால் அந்தத் தெருவில் போகக் கூடாது.

ஊர்த் தெரு வழியாகப் போனால் எங்கள் சுடுகாடு அரை கிலோமீட்டர் சொச்சம்தான். நாங்கள் போவது ஏரிக்கரை வழி. காலனிக்குப் பின்னால் இறங்கி, ஓடையைத் தாண்டி, கரை மேல் ஏறி, கோடி வரைக்கும் போய், மறுபடி இறங்கி வயல் வரப்போரமாகப் போகவேண்டும். கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர். என் அப்பா காலத்தில் தோளில் தூக்கிப் போனார்கள். இப்போது தூக்குவதற்குத் தோள் இல்லை. பையன்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள். சாவு விழுந்தால் காலனியில் கிழவர்களும் பெண்களும்தான் மிச்சம். அதனால் என் வண்டிதான் பாடை. வாடகை வாங்கியதில்லை. சொந்தச் சனத்தின் பிணத்துக்கு யாரிடம் வாடகை கேட்பது?

போன கார்த்திகை மாசம் எங்க ஆயா செத்துப்போச்சு. அம்மாவைப் பெற்றவள். நாலு நாளாக மழை. பிணத்தை இன்னும் ஒருநாள் வைத்திருக்க முடியாத நிலை. கரை ஏறுகிற இடத்தில் செம்மண் சேறாகிக் கிடந்தது. முதல் கியரில் போட்டேன். பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தி, கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டுப் பார்த்தேன். சக்கரம் ஒரு முழம் ஏறும், அரை முழம் சறுக்கும். பிணம் வண்டியில் நழுவிவிடும் என்று எங்க அம்மா பின்னாலிருந்து கத்துது. அரை மணி நேரம் இப்படி. அப்புறம் ஒரு கருகல் நாத்தம் வந்தது. ஊதுவத்தி வாசனையை அமுக்கிக்கொண்டு அந்த நாத்தம் எழும்பியது. சீட்டுக்கு அடியிலிருந்து புகை. இஞ்சின் கத்துது, வண்டி நகரலை.

கடைசியில் ஆயாவை இறக்கி, இருந்த ஆட்களே தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தோம். தூக்கியவர்களில் ரெண்டு பேர் பெண்கள். "செத்தும் கரை ஏறணுமாடா எங்கம்மா" என்று அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் இன்னொரு குட்டியானையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். 400 ரூபாய். எனக்கு வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஒரு பாய். கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டைக் கையில் எடுத்தார். வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இந்தத் தட்டு உட்கார்ந்திருக்கும். கிளட்சை விட்டால் ரெண்டும் சேர்ந்து இதைக் கவ்விக்கொள்ளும். இஞ்சின் சுற்றுவது கியர் பாக்ஸ் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். மிதித்தால் பிடி விடும். பாதி மிதித்தால் கவ்வாமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூடு ஏறினால் தட்டின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் கருகும். நல்ல ரோட்டில் ஒழுங்காக ஓட்டினால் வருசக்கணக்கில் உழைக்கிற சாமான் இது.

பாய் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃப்ளைவீலில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருந்ததைக் காட்டினார்.

"தம்பி, இது லோடு அடிச்சுத் தேஞ்சது இல்ல. தேய்ஞ்சா மெதுவாத் தேயும். இது ஒரே நாள்ல சுட்டது. எந்த மலைக்கு ஓட்டினீங்க?"

"மலையெல்லாம் இல்ல பாய். சுடுகாட்டுக்கு ஓட்டினேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குள்ள ரோடு இருக்கே" என்றார். "இருக்கு" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

கணக்கு இது. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்த செட் 3,850. ரிலீஸ் பேரிங் 520. பேரிங் நல்லாத்தான் இருந்தது, ஆனால் அதற்காக இன்னொரு தரம் கியர் பாக்ஸ் இறக்க முடியாது என்று மாற்றினோம். பின்பக்க ஆயில் சீல் 280. ஆயில் கசிந்து புதுப் பிளேட்டில் பட்டால் அதுவும் வீண். கேபிள் 310. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் சமமாக்க 500. கியர் ஆயில் 540. கூலி 1,800. ஆக 7,800. இழுத்துவந்த 400. மூணு நாள் வண்டி நின்றதில் டீசல் போக நாளுக்கு 900 வீதம் 2,700. மொத்தம் 10,900 ரூபாய்.

கையில் இருந்தது போக 8,000 தேவைப்பட்டது. என் மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். நூத்துக்கு ரெண்டு வட்டி. மாசம் 160. "பழைய வண்டி, இதுக்குப் போய் இவ்வளவு செலவா, எடைக்குப் போட்டுடேன்" என்று சொல்கிறவர்கள் சொன்னார்கள். பழைய வண்டியை விற்றால் புது வண்டிக்கு முன்பணம்கூட வராது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ரிப்பேர்தான் தவணை.

வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த 10,900 ரூபாய் வண்டியின் செலவு இல்லை. அந்தத் தெருவில் போகக் கூடாது என்பதற்கு நான் கட்டிய வரி. எங்கள் சனம் காலம் காலமாகத் தோளால் கட்டிவந்தது. ரசீது இல்லாததால் யாரும் கணக்கு எழுதவில்லை. இந்தத் தடவை பாய் கையெழுத்தில் எனக்கு ரசீது கிடைத்துவிட்டது.

தெருவுக்கான சண்டை புதுசு இல்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டினார். 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தினார்கள். பொதுப்பாதையையும் சுடுகாட்டையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அமல். அதே ஜனவரியில்தான் அப்போதைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும், ஒரு தலித் முதியவரின் உடலைப் போலீசாரே வேறு வழியில் தூக்கிப் போய்ப் புதைத்தார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி கிடைக்காமல் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஊரே பார்த்த படம் அது. அதற்குப் பரிகாரமாக அரசாங்கம் கொடுத்தது தனிச் சுடுகாடு. தனியாக ஒதுக்குவது பிரிவினையை அரசே வளர்ப்பது ஆகாதா என்று உயர்நீதிமன்றமே கேட்டது.

எங்கள் படிப்பகத்துப் பையன்கள் மனு எழுதினார்கள். பாயின் ரசீதை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தார்கள். கருகின பிளேட்டை நான் பையில் போட்டு எடுத்துப்போனேன். மேசை மேல் வைத்தேன். "வண்டி ரிப்பேருக்கெல்லாம் இங்க மனு வாங்கறதில்லப்பா" என்றார் அதிகாரி. பையன்கள் விளக்கினார்கள். ரெண்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. ஏரிக்கரை மேல் சுடுகாடு வரை சிமெண்டு ரோடு போட்டுத் தருகிறார்களாம். காலனி சார்பில் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

காலனி ரெண்டாகப் பிரிந்தது. பெரியவர்கள், "ரோடு வந்தா போதும், எதுக்குத் தெருவுல போய் அடிவாங்கணும்" என்றார்கள். பையன்கள், "கையெழுத்துப் போட்டா ஊர்த் தெரு நமக்கில்லன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி" என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் நினைப்பு பெரியவர்கள் பக்கம்தான் போனது. கரை மேல் ரோடு வந்தால் என் பிளேட் தப்பிக்கும். ஊர்த் தெருவைக் கேட்டால் கத்தரிக்காய் லோடு போய்விடும். வண்டி இருந்தும் சோறு இருக்காது. ரெண்டு ராத்திரி தூங்கவில்லை. இத்தனை படித்தும் பேசியும், ஒரு கிளட்ச் செட்டுக்கு ஆயாவின் வழியை விற்றுவிடப் பார்த்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. என் மனைவிதான் சொன்னாள்: "அவங்க கத்தரிக்காய்க்குத் தொறக்கிற தெரு, நம்ம ஆயாவுக்குத் தொறக்காதா? தோடு போனது போகட்டும், போடாத."

நான் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தி ரெண்டு குடும்பம் போடவில்லை. மூணு வீட்டுக்காரர்கள் எனக்கு லோடு தருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் தருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. தோடு இன்னும் அடகில்தான்.

காலனியில் அடுத்த சாவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் பேசி முடிவு செய்திருக்கிறோம். தனியாகப் போனால் என் ஒருத்தன் வண்டிதான் போகும். இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் பின்னால் நடந்து வருவீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதினேன்.