பாட்டியிடம் இருந்த சாவிகள்

எங்கள் ஊரில் ஆட்களைவிடப் பூட்டுகள் அதிகம் என்பார் தாத்தா. மணப்பாட்டின் கரையோரம் ஓலைக்குடிசையும் ஓட்டு வீடுமாக நெருக்கியடித்துக் கிடக்கும். வலை, கட்டுமரம், கருவாட்டு வாடை, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். உள்தெருவுக்குள் வந்துவிட்டால் சத்தமே இருக்காது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். உயரத் தூண், வண்ணக் கண்ணாடி பதித்த வளைவுச் சன்னல், தெருவைப் பார்த்த நீண்ட திண்ணை. திண்ணையில் ஆடுகள்தான் படுத்து அசைபோடும். வீட்டுக்காரர்கள் கொழும்பில், புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார்கள். செப்டம்பர் பிறந்து திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் வருவார்கள். அந்த இரண்டு வாரம் உள்தெரு முழுக்க ராணி சோப்பு மணக்கும். பதினான்காம் தேதி திருநாள் முடிந்த கையோடு மறுபடி பூட்டு.

அப்படி ஒரு வீட்டுச் சாவிக்கொத்து பாட்டியின் இடுப்பில் தொங்கியது. சனிக்கிழமை தோறும் கூட்டிப் பெருக்கப் போவாள். நானும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் பழைய தேக்கும் கலந்த ஒரு நெடி வரும். "எதையும் தொடாதல, அப்படியே நில்லு" என்பாள் பாட்டி. அதைச் சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விடுவாள். தொடாமல் எப்படி இருப்பது?

படியடி அறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பத்துப் பித்தளைத் தட்டுகள். உள்ளங்கை அகலம், ஏந்தலான விளிம்பு, அடியெல்லாம் துளை. ஒன்றில் கடலைப்பருப்பு விழும் அளவுக்குப் பெரிய துளைகள், இன்னொன்றில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும் துளைகள். என்னவென்று தெரியாமல் இரண்டை டவுசருக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வலை முடிந்துகொண்டிருந்த தாத்தா வாங்கிப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "முத்துச் சலிக்கிற தட்டுல்லா இது. துளை இருபது, முப்பது, அம்பது, எம்பது, நூறுன்னு ஆயிரம் வரைக்கும் போவும். இருபதுல தங்குனா பெரிய முத்து. ஆயிரத்துலயும் இறங்கிட்டா தூளு." பத்து எண்களையும் விரல் மடக்காமல் வரிசையாகச் சொன்னார். மூன்றாம் வாய்ப்பாடுகூடத் தெரியாத மனுஷன்.

1955-லிருந்து 1961 வரை தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்புக்குப் போனவர் அவர். பிள்ளைகளிடம் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை நிரப்பி, கையைக் காட்டினால் மேலே இருப்பவன் கயிற்றை விடுவான். கல் இழுத்துக்கொண்டு போகும். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட்டு இடுப்பு வலைப்பையில் சிப்பியை வாரிப் போட வேண்டும். நெஞ்சு வெடிக்கப் போகிறது என்கிறபோது கயிற்றை ஆட்டினால் தூக்கிவிடுவார்கள். கயிறு பிடிப்பவன் மச்சினனாக இருப்பது நல்லதாம், தங்கச்சி தாலியை நினைத்தாவது சீக்கிரம் இழுப்பான். அவர் அப்பா காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவார். அவரும் பூசைக்குப் போகிற கிறிஸ்தவர்தான். அவர் கரையில் நிற்காவிட்டால் ஒரு தோணியும் நகராது.

"அவ்வளவு முத்தும் எங்க தாத்தா?"

"நான் முத்தை எங்கல பாத்தேன். சிப்பியத்தான் பாத்தேன்."

வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம் ஒரு பங்கு குளித்தவனுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். குளித்தவன் தன் பங்கைக் கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். சிப்பி திறக்கும்வரை காத்திருக்க அவன் வீட்டு அடுப்புக்குப் பொறுமை ஏது? வாங்கியவர்கள் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, அரித்து முத்தெடுப்பார்கள். பெரும்பாலான சிப்பி வெறும் சிப்பிதான். முத்துச் சந்தை என்று ஊரெல்லாம் வாய் பிளக்கும் இடத்தில் தாத்தாவுக்கு நினைவிருந்தது ஈயும் அந்த நாற்றமும்தான்.

முத்து எங்கள் ஊரை விட்டுப் போனாலும் அது கொண்டுவந்தவை போகவில்லை. 1530-களில் எங்கள் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றதற்கே, சிப்பி விளையும் கடலடித் திட்டான முத்துப்பாரின் உரிமைச் சண்டையில் போர்த்துகீசியர் துணை தேவைப்பட்டதுதான் பெரிய காரணம். 1542-ல் சவேரியார் வந்தார். அவர் தங்கிய குகை மணல்குன்றின் கடல் பார்த்த முகத்தில் இருக்கிறது. அலை அத்தனை பக்கத்தில் அடித்தும் குகைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்காது. குன்றின் மேலே 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். மறைக்கல்வியில் எங்களுக்குச் சவேரியாரைத்தான் சொல்லித் தந்தார்கள், சிப்பியைச் சொல்லித் தரவில்லை. ஆனால் கடலில் போகிறவர்களின் பேச்சில் 'மணப்பாடு பெரிய பார்' என்று ஊர்ப்பெயரைச் சுமந்த ஒரு முத்துப்பார் இருந்துகொண்டே இருந்தது.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் குளிப்பு நடக்கவில்லை. பார்களில் மணல் மூடியது, சிப்பியை மீன் தின்றது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிப்பி எப்போதுமே அப்படித்தான், சில வருஷம் கொட்டும், பல வருஷம் கண்ணில் படாது. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பான்காரர்களைப் போலச் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அந்தச் சேதியைத் தாத்தா கடைசிவரை நம்பவில்லை. "சிப்பிக்கு ஆப்பரேசன் பண்ணுதானாம்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தட்டுகளைத் திரும்ப வைத்துவிடச் சொல்லிப் பாட்டி முதுகில் இரண்டு போட்டாள். வைப்பதற்கு முன் ஆயிரம் துளைத் தட்டைக் கழிமுகத்துப் பக்கம் கொண்டுபோய் மணல் சலித்தோம், நானும் கூட்டாளிகளும். கருமேனியாறு கடலில் சேரும் இடம் அது. வெள்ளை மணலுக்கிடையே கருப்பும் சிவப்புமாய்ப் பொடி இறங்கியது. அந்தச் சிவப்பைக் காகிதத்தில் மடித்து, முத்து என்று ஏமாற்றி ஒருவனிடம் மாங்காய் வாங்கினோம். கார்னெட் என்று அதற்குப் பெயர் இருப்பதும் எங்கள் பக்கக் கரைகளில் அதற்காக லாரிகள் வரிசைகட்டும் என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்? 2013-ல் அரசு தாதுமணல் அள்ளுவதை நிறுத்தியது. அதற்குள் சில கரைகள் வேறு முகமாகிவிட்டிருந்தன. கடலுக்கு அடியில் எடுத்தது போதாதென்று கரையையும் எடுக்க வந்தார்களே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

1983-ல் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்காரர் வரத்து குறைந்துபோனது. அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கள் சாவிக்கொத்து வீட்டுக்காரர்கள் வரவில்லை. பல வருஷம் கழித்து மகன் மட்டும் வந்தார். வீட்டைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பழைய சாமான் வாங்குகிற வியாபாரி ஒருவர் கூடவே வந்து, கட்டிலையும் கற்பூரப் பெட்டியையும் தட்டிப் பார்த்து விலை சொன்னார். பித்தளைத் தட்டுகளை மட்டும் தராசில் போட்டார். எதற்கானவை என்று அவரும் கேட்கவில்லை, மகனுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பாட்டி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "தம்பி, அதுல கடைசித் தட்டு ஒண்ண மட்டும் வச்சிக்கிடட்டா? ரவை சலிக்க ஆவும்" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். வியாபாரி அதன் எடைக்கான காசைக் கணக்காகக் கழித்துக்கொண்டார்.