அடுப்படி லைட்டை அணைத்தது யார்?

போன மாதம் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் பேசிய ஒரு இளம் டாக்டர், “மேடம் இல்லாத குறையை இனிமேல் டயட் ஆப் தீர்த்துவிடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

பெரிய ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியன் என்றால் பிரெட்டுக்கும் பாலுக்கும் கையெழுத்துப் போடுகிறவள், ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணுகிறவள். சுகர் ஓ.பி.யில் உட்கார்ந்தால் அச்சடித்த சீட்டை நீட்டி, “கிழங்கு வேண்டாம், மாம்பழம் வேண்டாம்” என்று சொல்லி அனுப்புகிறவள். சீட்டு நீட்டுவதுதான் தொழில் என்றால் அதை ஆப் செய்யட்டும், எனக்கு வருத்தமில்லை. எங்கள் தொழில் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முந்தைய நாள் சாப்பிட்டதையெல்லாம் கேட்டு எழுதும் ரீகாலைச் சரியாக எடுத்தால் முக்கால் வேலை முடிந்தது. ரீகால் பொய்யானால், அதற்குப் பிறகு போடுகிற கலோரிக் கணக்கு, எக்ஸ்சேஞ்ச் லிஸ்ட் எல்லாம் தண்ணீரில் எழுதியதுதான்.

எனக்கு ரீகால் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனியர் அக்கா. புத்தகத்தில் இருக்கிறபடி, “காலையில் எழுந்ததும் என்ன குடிச்சீங்க?” என்று ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வரும். “அது பரீட்சைக்கு. இங்க அப்படிக் கேட்டா மூணு இட்லி, ஒரு கப் சாதம், ரெண்டு தோசைன்னு ஒப்பிச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க” என்பார். அவருடைய முதல் கேள்வி, “நேத்து ராத்திரி அடுப்படி லைட்டை அணைச்சது யாரு?” அங்கிருந்து பின்னோக்கிப் போவார். அணைப்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? பாத்திரம் கழுவினேன். சட்டியில் மிச்சம் இருந்ததா? இருந்தது. என்ன செய்தீர்கள்? கொட்ட மனசு வரல. சாப்பிட்டாயா என்று கேட்கவே மாட்டார். என்ன வேலை செய்தாய் என்றுதான் கேட்பார், சாப்பாடு தானாக வந்து விழும். “நொறுக்குத்தீனி உண்டா?” என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, நோயாளி போன பிறகு, “அந்தக் கேள்விக்கு ‘இல்ல’ங்கிறதைத் தவிர வேற பதில் தமிழ்நாட்டிலேயே கிடையாது” என்றார். அளவுக் கிண்ணங்களை மேசை மேல் அடுக்கி வைத்தாலும் திட்டு விழும். கையில் கொடுக்க வேண்டும். கையில் கிண்ணம் இருந்தால் பொய் சொல்ல வராது என்பது அவர் கட்சி. பெரும்பாலும் உண்மை. மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை என்று சம்பந்தமே இல்லாத மாதிரி கேட்டு, ஆள் கணக்கில் வகுத்து, சொன்னதும் வாங்கியதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்.

எங்கள் ஓ.பி.யில் அதிகம் வருகிறவர்கள் 45லிருந்து 58 வயதுக்குள் இருக்கும் பெண்கள். “நின்னு போச்சு மேடம்” என்பார்கள், அல்லது “நிக்கிற மாதிரி இருக்கு” என்பார்கள். தூக்கம் இல்லை, திடீரென்று உடம்பு எரிகிறது, இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. பிள்ளைகள் வெளியூர், மாமியார் படுக்கையில், வீட்டுக்காரருக்குப் பிரஷர். மன அழுத்தத்தில் கார்டிசால் சுரப்பதும், அது இனிப்பையும் கொழுப்பையும் தேடவைத்து வயிற்றில் சதை போடுவதும் இன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆய்வாளர் மேரி டால்மனின் குழு 2003இல் அதைப் பற்றி எழுதியது. அதற்கு முன்பே 2001இல் எலிசா எபெல், அழுத்தத்தில் கார்டிசால் அதிகம் சுரக்கும் பெண்கள் அதற்குப் பிறகு கூடுதலாகச் சாப்பிடுவதைக் காட்டினார். அவர் ஆய்வுக்கு எடுத்த 59 பேரும் மாதவிடாய் நிற்காதவர்கள். தூக்கம் குறைந்தால் பசி ஹார்மோன் கூடும் என்று 2004இல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 12 இளைஞர்கள். நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்கிறது. அந்த எடைக் கணக்கு 15 வயதில் ஆரம்பித்து 49இல் நின்றுவிடுகிறது. என் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மனசு சாப்பாட்டை எப்படி இழுக்கிறது என்று அளக்கக் கேள்வித்தாளும் இருக்கிறது. 1986இல் நெதர்லாந்தில் வந்த 33 கேள்விகள். கோபம் வந்தால் சாப்பிடத் தோன்றுமா, தனிமையில் தோன்றுமா என்று போகும். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைத் தமிழாக்கி எடுத்துவந்து டிக் அடிக்கச் சொல்கிறார்கள். நம் பெண்களில் ஒருத்தியிடம் “கோபம் வந்தால் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டால் என்ன சொல்வாள்? “கோவம் வந்தா நான் சாப்பிடவே மாட்டேன்!” பெருமையாகச் சொல்வாள். அது உண்மையும்கூட. நம் வீடுகளில் பெண்ணுக்கு இருக்கிற ஒரே போராட்டம் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுப்பது. மருமகளோடு பேச்சு முறிந்தால் சாப்பாடு இல்லை. பிள்ளை எடுத்தெறிந்து பேசினால் சாப்பாடு இல்லை. யாராவது வந்து “வாம்மா, சாப்பிடு” என்று கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பாள். முன்பெல்லாம் கூப்பிட ஆள் இருந்தது. இப்போது ஆளுக்கொரு செல்போன். பதினோரு மணிக்கு வீடு அடங்கிய பிறகு அவளே எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். இதோடு செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதம் வேறு. பகலெல்லாம் காய்ந்த வயிறு, ராத்திரியில் யாரும் பார்க்காத நேரம். கேள்வித்தாளில் அவள் மதிப்பெண் அடிமட்டம், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியில் ஒன்பதுக்கு மேல். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். “சுவாரசியமா இருக்கு மேடம்” என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு அம்மா. வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவர், ஐம்பது இருக்கும். கணவருக்குப் பக்கவாதம், மகன் வளைகுடாவில். ரீகாலில் ஆயிரத்து முந்நூறு கலோரி தேறவில்லை. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஹெச்பிஏ1சி 9.4. ஆப்பில் போட்டிருந்தால் பச்சை டிக் காட்டி வாழ்த்தியிருக்கும். லைட்டைப் பற்றிக் கேட்டேன். அவர்தான் அணைக்கிறார், ஆனால் பன்னிரண்டுக்கு. அதுவரை? “சும்மா உக்காந்திருப்பேன்.” எங்கே? “அடுப்படியிலதான்.” கணவர் வைத்த மிச்சம் ஒரு தோசை. நின்றுகொண்டே ஒரு கரண்டி சர்க்கரை. அப்புறம் சாத்தூர்ச் சேவு. “அதெல்லாம் சாப்பாடு இல்ல மேடம், நின்னுக்கிட்டே வாயில போட்டது.” கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். அவர் காட்டிய அளவுக்குச் சேவு நூறு கிராம் வரும், அது மட்டுமே ஐந்நூறு கலோரிக்கு மேல்.

இங்கேதான் எங்கள் தொழிலில் ஆளைச் சோதிக்கிற இடம் வருகிறது. “படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும், எதையாவது போட்டா அடங்கிடும்” என்றார். இது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரை போடுகிறவர், சுகர் இறங்கியிருக்கலாம். மாதவிடாய் நிற்கிற வயது, அந்த எரிச்சலாக இருக்கலாம். மனசாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே வேர்வைதான். முதலாவதற்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். “ராத்திரி சாப்பிடாதே” என்று சீட்டெழுதினால் ஆபத்து. குளுக்கோமீட்டரைக் கொடுத்து, படபடப்பு வருகிற நேரத்தில் பார்த்து எழுதி வரச் சொன்னேன். 168, 181, 174. எழுபதுக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் எண்ணே இல்லை. ஏன் என்றேன். “அன்னைக்கு மகன் போன் பண்ணிட்டான். படபடப்பு வரல, படுத்துட்டேன்.”

சேவை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் அடுத்த தடவை ஓ.பி.க்கே வரமாட்டார்கள். கணவருக்கு ஊட்டும்போதே, ஏழரைக்கு, தனக்கும் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டலாம், பாவமில்லை. சேவு சின்னக் கிண்ணத்தில், உட்கார்ந்து, கூடத்தில். மகனிடம் போன் நாளைக் குறித்துச் சொல்லச் சொன்னேன். மனநல ஓ.பி.க்கு எழுதிக் கொடுத்தேன், “எனக்கென்ன பைத்தியமா?” என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வரிசை கத்தியது. இப்போது வந்திருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், என்னைவிட அதிகம் படித்தவர்கள். ஆனால் ஆளுக்கு ஐந்து நிமிடம், கண் டேப்லெட்டில். ஓட்ஸ், கிரீன் டீ என்று அச்சாகி வருகிறது. அந்த அம்மா வீட்டில் ஓட்ஸை யார் தின்பது? தெருவுக்குத் தெரு ‘கோச்’ என்று டப்பாப் பவுடர் விற்கிறவர்களுக்கு நாங்களே வழிவிட்டுக் கொடுத்தோம். அவர்களாவது உட்கார வைத்துப் பேசுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி 8.1. அதே சமயம் டாக்டர் மெட்ஃபார்மின் அளவையும் கூட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன, நான் மறுக்கவில்லை. ஓ.பி. நோட்டில் மாத்திரை மட்டும் எழுதியிருந்தது.